நேற்று கண்ட நாளை

புணேயை அடுத்த சாங்வியில் காலை ஏழு மணிக்கே ஹிஞ்சவடி கம்பெனி பஸ்ஸுக்காகப் பிள்ளைகள் காத்து நிற்பார்கள். அவர்களில் நம் ஊர்ப் பிள்ளைகளும் உண்டு. ஒருநாள் ஒரு பெண்ணின் கைபேசியில் அவள் அம்மாவின் முகம் தெரிந்தது. பின்னால் அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பெரியாரின் ‘இனிவரும் உலகம்’ நினைவுக்கு வந்தது. கம்பியில்லாக் கருவி ஒவ்வொருவர் பையிலும் இருக்கும், எதிராளியின் உருவத்தைப் பார்த்தபடி பேசலாம் என்று 1940-களிலேயே அவர் சொல்லியிருந்தார்.

முன்னோர் கண்ட எதிர்காலத்தை நோக்கிய ஏக்கம் இன்று ஆய்வுக்குரிய பொருளாகிவிட்டது. ஏக்கத்தைப் பற்றி 2001-இல் நூல் எழுதிய ஸ்வெட்லானா பாய்ம் அதை இரண்டாகப் பிரித்தார். போனதை அப்படியே மீட்டுக் கட்டத் துடிப்பது ஒரு வகை; போனதை நினைத்து இன்றைய நாளைக் கேள்வி கேட்பது இன்னொரு வகை. நம் கனவுகளைப் படிக்க இரண்டாவதே உதவும்.

வங்க எழுத்தாளர் ரொக்கேயாவின் ‘சுல்தானாவின் கனவு’ என்ற கதை 1905-இல் சென்னையிலிருந்து வந்த, பெண்களுக்கான ஆங்கில இதழில் வெளியானது. அதில் வெயிலே எரிபொருள். வண்டிகள் வானில் பறக்கின்றன. நாட்டைப் பெண்கள் ஆள்கிறார்கள். அவர்களுடைய ஒரு நாள் வேலை இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

சாங்வியிலிருந்து ஆற்றைக் கடந்தால் புணே பல்கலைக்கழக வளாகம். அங்கே 1988-இல் அயூகா என்ற வானியல் மையத்தை நிறுவிய ஜயந்த் நார்ளிகர் மராத்தி அறிபுனைவின் முன்னோடிகளில் ஒருவர். 1974-இல் மராத்தி விஞ்ஞான் பரிஷத் போட்டிக்குக் கருந்துளை பற்றிய கதையொன்றைப் புனைபெயரில் அனுப்பினார். கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்று மனைவியைக் கொண்டு படியெடுக்கவைத்தார். பரிசு கிடைத்தது. அதே 1988-இல் புணேயில் தொடங்கிய சி-டாக் என்ற கணினி ஆய்வு மையம், விஜய் பட்கர் தலைமையில், 1991-இல் பரம் 8000 மீகணினியை உருவாக்கியது. வெளிநாட்டார் தர மறுத்த கணிப்பாற்றலைப் பல சிறு செயலிகளை இணைத்து நாமே பெற்றோம். அந்தத் தலைமுறைக்கு எதிர்காலம் என்றால் தன் கையால் செய்துகொள்ளும் பொருள்.

தமிழில் எழுத்தாளர் சுஜாதா வேறு பக்கம் பார்த்தார். அவருடைய ‘என் இனிய இயந்திரா’ நாவலில் குடிமக்களின் வாழ்க்கை முழுவதும் அரசின் கணினியில் இருக்கிறது, ஜீனோ என்ற இயந்திர நாய்தான் மனிதருக்குத் துணை நிற்கிறது. கருவி யார் கையில் இருக்கிறது என்பதையே அந்தக் கதை கேட்கிறது.

இவற்றைச் சேர்த்துப் படித்தால் ஒன்று புரிகிறது. இவர்கள் சொன்ன கருவிகளில் பல வந்துவிட்டன. கருவியோடு வரும் என்று ரொக்கேயா நம்பிய ஓய்வும், பெரியார் எதிர்பார்த்த பொதுவுடைமையும் வரவில்லை. புதிய கருவி எது வந்தாலும், எத்தனை மணி நேரத்தை அது நமக்குத் திருப்பித் தருகிறது என்று கேட்கும் பழக்கத்தை இந்தப் பழைய கனவுகளிடமிருந்துதான் நாம் கற்கவேண்டும்.

பஸ் வந்தது. “அப்புறம் பேசுறேம்மா” என்று அந்தப் பெண் திரையை அணைத்தாள். பால் பொங்கி வழிந்ததை அவள் பார்க்கவில்லை.