ஆய்வு மாணவருக்குத் துணை யார்? முனைவர் பட்ட விதிமுறைகள் பற்றி ஒரு திறனாய்வு

ஆய்வு என்பது தனிமையில் செய்யப்படும் தவம் என்னும் எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. அறிவும் ஊக்கமும் உடையவன் எப்படியும் ஆய்வை முடிப்பான். முடியாதவனிடம் அவையிரண்டும் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். இவ்வெண்ணம் உண்மையா? பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட விதிமுறைகளை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

செராம்பூர் செனட்டின் பட்டங்கள் 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழங்கப்படுகின்றன. ஆகவே இவ்விதிமுறைகள் நமக்கு ஏன் என்று சிலர் கேட்கலாம். நம் கல்லூரிகளில் பயின்றோர் சிலர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்தவ ஆய்வுகள் துறை போன்ற துறைகளை நாடிச் செல்கின்றனர். நம் சபைகளின் பிள்ளைகள் தமிழ், வரலாறு, சமூகவியல் ஆகிய துறைகளில் ஆய்வு மாணவராயிருக்கின்றனர். இவர்களை ஆளும் விதிகளை அறிந்துகொள்வது போதகர் கடமையுமாகும், ஆசிரியர் கடமையுமாகும்.

1. விதிமுறைகளின் நன்மைகள்

குறை காணுமுன் நிறை காண்பதே முறை. 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் பாடநெறியைக் கட்டாயமாக்கின. ஆய்வேட்டின் மின்படியை அளிக்கவேண்டும் என்றும் விதித்தன. அதன் பயனாகத் தோன்றிய சோத்கங்கா என்னும் களஞ்சியத்தில் இன்று எவரும் பிறர் ஆய்வேடுகளை வீட்டிலிருந்தே படிக்க இயலும். முன்னர் ஓர் ஆய்வேட்டைக் காண அந்தப் பல்கலைக்கழக நூலகத்திற்கே பயணம் செய்யவேண்டியிருந்தது.

2022ஆம் ஆண்டு விதிமுறைகள் மேலும் சில நன்மைகளைத் தந்துள்ளன. பேராசிரியர் ஒருவர் ஒரே காலத்தில் எட்டு மாணவர்க்கு மேல் நெறியாளராயிருத்தல் ஆகாது; இணைப் பேராசிரியர்க்கு ஆறு, உதவிப் பேராசிரியர்க்கு நான்கு என்பது வரம்பு. ஆய்வு ஆலோசனைக் குழு ஒவ்வொரு பருவத்திலும் கூடி மாணவரின் முன்னேற்றத்தை மதிப்பிடவேண்டும். பெண்களுக்கு மகப்பேற்று விடுப்பாகவும் குழந்தைப் பராமரிப்பு விடுப்பாகவும் 240 நாட்கள் வரை உண்டு. ஆய்வை முடிக்க இரண்டு ஆண்டுகள் கூடுதலாகவும் உண்டு. ஆய்வேட்டை அளிக்குமுன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டிருக்கவேண்டும் என்று 2016ஆம் ஆண்டு விதிமுறைகள் கட்டாயப்படுத்தியிருந்தன, அது நீக்கப்பட்டது. பணம் பெற்றுக்கொண்டு எதையும் அச்சிடும் ஏடுகளுக்கு இரையாகிவந்த மாணவர்க்கு இது விடுதலை என்றே சொல்லலாம்.

ஆயினும் இந்நன்மைகளை ஒருசேர நோக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. இவற்றுள் பெரும்பாலானவை எண்ணத்தக்கவை: எத்தனை மாணவர், எத்தனை நாள், எத்தனை கூட்டம். எண்ணுவதற்கு எளியவற்றை விதி நன்றாகவே செய்கிறது. எண்ணவியலாதவற்றில்தான் அது தடுமாறுகிறது.

2. பொருள் உதவி

இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாகவும், முதுநிலை உதவித்தொகை 42,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. இது வரவேற்கத்தக்கது. ஆனால் தேசியத் தகுதித் தேர்வில் மிக உயர்ந்த இடம் பெற்றவர்க்கே இது கிட்டும். இரண்டும் சேர்ந்து ஐந்து ஆண்டுகளே நீடிக்கும். ஆய்வை முடிக்க விதி தரும் காலமோ ஆறு ஆண்டுகள். எழுதி முடிக்கும் இறுதி ஆண்டில், மாணவரின் கவனம் முழுதும் தேவைப்படும் வேளையில், கைப்பொருள் நின்றுவிடுகிறது.

தகுதித் தேர்வின் வழியாக வராத மத்தியப் பல்கலைக்கழக மாணவர்க்கு மாதம் 8,000 ரூபாய் அளிக்கும் திட்டம் இருந்தது. 2015 அக்டோபரில் அதையும் நிறுத்த முடிவு செய்யப்பட்டபோது, மாணவர் தில்லியில் மானியக் குழுவின் அலுவலக வாயிலிலேயே நாட்கணக்கில் தங்கிப் போராடினர். இத்தனை சிறு தொகைக்கு இத்தனை பெரும் போராட்டம் ஏன் எழுந்தது? அச்சிறு தொகையே பலர்க்குப் படிப்புக்கும் படிப்பை விடுவதற்கும் இடையே நின்ற சுவராயிருந்தது.

நம் சபைகளை நேரடியாகத் தொடும் செய்தி ஒன்றும் உண்டு. சிறுபான்மையினர்க்கான மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகை 2022-23ஆம் ஆண்டு முதல் நிறுத்தப்பட்டது. பிற திட்டங்களோடு இது மேற்படிகிறது என்பது அரசு கூறிய காரணம். இக்காரணம் கிறிஸ்தவ தலித் மாணவர்க்கு எவ்வாறு பொருந்தும்? 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி இவர்கள் பட்டியல் சாதியினராகக் கொள்ளப்படுவதில்லை; ஆதலால் பட்டியல் சாதியினர்க்கான தேசிய உதவித்தொகையும் இவர்களுக்கு இல்லை. பிற்படுத்தப்பட்டோர்க்கான திட்டத்தில் இவர்கள் இடம் தேடலாம். அங்கே இடங்கள் வரம்புக்குட்பட்டவை, போட்டியோ பெரிது. தமிழ்நாடு அரசு முழுநேர முனைவர் பட்ட மாணவர்க்கு அளிக்கும் ஊக்கத்தொகையில் கிறிஸ்தவ ஆதிதிராவிடரையும் சேர்த்திருப்பது ஓரளவு ஆறுதல் தருகிறது. இச்செய்திகளை அறிந்து தம் சபை இளைஞர்க்கு எடுத்துச் சொல்லும் போதகர் எத்தனை பேர்?

3. பயிற்சி

பாடநெறிக்கு விதி வகுத்திருப்பது குறைந்த அளவு 12 கிரெடிட். ஆய்வு நெறி, வெளியீட்டு ஒழுக்கம் ஆகியன இதில் அடங்கும். அதே வேளையில் எம்.ஃபில். பட்டம் நிறுத்தப்பட்டுவிட்டது. நான்காண்டு இளங்கலைப் படிப்பில் 75 விழுக்காடு மதிப்பெண் பெற்றவர் முதுகலை பயிலாமலே முனைவர் பட்டத்திற்கு வரலாம். எம்.ஃபில். படிப்பில் குறைகள் பல இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் ஒரு சிறு ஆய்வேட்டை எழுதி, அதில் இடறி விழுந்து, பின்னர் பெரிய ஆய்வுக்குச் செல்லும் படியாக அது பயன்பட்டது. கீழ்ப்படி இரண்டையும் எடுத்துவிட்டு மேற்படியில் ஏறு என்றால், தூக்கிவிடும் கை ஒன்று வேண்டும். அக்கை 12 கிரெடிட்டில் அடங்குமா?

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். தரங்கம்பாடி மிஷனைப் பற்றி ஆராய விரும்பும் மாணவர்க்கு இன்று பெரும் வாய்ப்புண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஹாலே நகரில் அச்சான மிஷன் அறிக்கைகள் கணினியில் இலவசமாகக் கிடைக்கின்றன. சீகன்பால்கு 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி எழுதிய நூலை ஹாலேயிலிருந்தோர் அச்சிட மறுத்தனர் என்பதும், அது 1867இல்தான் சென்னையில் வெளிவந்தது என்பதும் ஆய்வாளர் அறிந்தவை. இத்தகைய வரலாற்றை மூலத்திலிருந்து ஆராய அக்கால ஜெர்மன் மொழியும், அதன் பழைய எழுத்து வடிவமும் தெரிந்திருக்கவேண்டும். மறுபுறத்தில் தமிழ் ஓலைச் சுவடிகளையும் பழைய கையெழுத்துப் பதிவேடுகளையும் படிக்கும் பழக்கமும் வேண்டும். ஏடு கையில் இருக்கிறது; அதைப் படிக்கக் கற்றுத்தருவார் இல்லை. எனவே மாணவர் ஆங்கிலத்தில் பிறர் எழுதியதையே மீண்டும் சுருக்கி எழுதுகிறார். அவர் சோம்பேறி என்று நாம் குறை கூறுகிறோம்.

ஒழுக்கப் பயிற்சியிலும் இதே நிலைதான். 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஓர் ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டிற்குள் இருந்தால் தண்டனை இல்லை. 60 விழுக்காட்டைக் கடந்தால் பதிவே நீக்கப்படும். திருட்டைத் தடுக்கச் சட்டம் வேண்டியதே. ஆயினும் நடைமுறையில் மாணவர் கற்றுக்கொள்வது யாது? சொற்களை மாற்றி விழுக்காட்டைக் குறைக்கும் தந்திரத்தையே பலர் கற்கின்றனர். பிறர் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் பெயர்த்துத் தம் பெயரில் வைப்பவரைச் சொற்களை ஒப்பிடும் கருவி எளிதில் பிடிப்பதில்லை. அவரைப் பிடிக்கவல்லவர், அம்மாணவரின் எழுத்தை முதல் வரைவு முதலே படித்துவந்த நெறியாளர் ஒருவரே. நேர்மை என்பது அளவுகோலுக்கு அஞ்சுவதால் வருவதன்று. தன் எழுத்தை ஒருவர் ஊன்றிப் படிக்கிறார் என்னும் உணர்வில் அது வளர்கிறது.

4. ஒரு மறுப்பும் விடையும்

“உதவித்தொகையும் பாடநெறியும் இல்லாத காலத்தில் உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராய் அலைந்து சுவடி தேடவில்லையா? மெய்யான ஆர்வத்திற்கு உதவி எதற்கு?” என்று வினவுவோர் உளர். இம்மறுப்பு வலியது போலத் தோன்றும். அவர் வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால் அது நேர்மாறான உண்மையையே உரைக்கும்.

சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் உடனிருந்து பாடம் கேட்டவர். ஆசிரியர் 1876இல் மறைந்த பின்னர் திருவாவடுதுறை ஆதீனம் அவரை ஆதரித்தது. உணவும் உறையுளும் நூல்களும் அங்கே கிடைத்தன. 1880இல் தியாகராச செட்டியார் தம் பதவியை அவருக்குக் கிடைக்கச் செய்ததால் கும்பகோணம் கல்லூரியில் ஊதியம் உண்டாயிற்று. அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியார் என்னும் முனிசீப்பு, அவர் படித்த நூல்களின் பட்டியலைக் கேட்டு நிறைவடையாமல், சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். அவ்வினாவே அவர் வாழ்க்கையைத் திருப்பியது. சிந்தாமணியின் சமயக் கருத்துகள் விளங்காதபோது, சைவ மரபில் வளர்ந்த அவர் கும்பகோணத்துச் சமணரிடம் சென்று மாணவராய் அமர்ந்து கேட்டார். 1887இல் நூல் வெளிவந்தது.

ஆசிரியர், உணவு, ஊதியம், நூலகம், கூரிய வினா, வேற்றுச் சமயத்தாரின் தோழமை ஆகிய ஆறும் அவருக்குக் கிட்டின. அவருடைய ஆர்வத்தைக் குறைத்துரைப்பது நம் எண்ணமன்று. அவ்வார்வம் கனி தந்ததற்குப் பலர் நீர் வார்த்தனர் என்பதே நாம் காணும் உண்மை. தனித்தவம் என்று நாம் போற்றிய வாழ்க்கை, உதவி பெற்ற வாழ்க்கையாகவே விளங்குகிறது.

5. நம் கடமை

அரசின் விதிகளை நாம் மாற்றவியலாது என்று கைகட்டி நிற்க வேண்டுவதில்லை. 2025 சனவரியில் தொடங்கிய “ஒரே நாடு ஒரே சந்தா” திட்டம் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களைக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. எனினும் அது அரசு நிறுவனங்களுக்கே உரியது. நம் இறையியல் கல்லூரிகள் அதற்குப் புறத்தே நிற்கின்றன. இந்நிலையில் ஒவ்வொரு கல்லூரியும் தன் நூலகத்தைத் தனக்கென்றே பூட்டி வைத்துக்கொள்வது அறியாமை. பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகத்தையும், 1994இல் சென்னையில் நிறுவப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும் நம் மாணவர் எத்தனை பேர் நேரில் கண்டிருக்கின்றனர்? அங்கே சென்று தங்கிப் படிக்க ஒரு மாதச் செலவைக் கல்லூரியோ திருமண்டிலமோ ஏற்றால், அது ஒரு மாநாட்டுப் பந்தலுக்கு ஆகும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.

பணம் கேளாத உதவிகளும் உண்டு. பழைய ஜெர்மனும் ஓலைச் சுவடியும் அறிந்த முதியோர் நம்மிடையே இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்கள் மறையுமுன் இளைஞர் இருவரையேனும் அவர்களிடம் அமர்த்தலாம். ஆசிரியராயிருப்போர் மாணவரின் ஓர் இயலை வாங்கினால் இரண்டு வாரத்தில் படித்துத் திருப்பித் தருவது என்று தமக்குத்தாமே விதி வகுத்துக்கொள்ளலாம். எந்த ஆணையமும் இவ்விதியை எழுதவில்லை. எழுதினாலும் எண்ணிப் பார்க்க இயலாது. ஆயினும் மாணவர் பலர் ஆய்வைக் கைவிடுவது அறிவுக் குறைவால் அன்று. தந்த தாள்கள் மாதக்கணக்கில் மேசையில் உறங்குவதைக் கண்டு மனம் சோர்ந்தே கைவிடுகின்றனர்.

ஆய்வை முடித்தோர் பட்டியலை ஆண்டுதோறும் மகிழ்ச்சியோடு அச்சிடுகிறோம். இடையில் விட்டோர் பெயர் எங்கும் அச்சாவதில்லை. அவர்களுள் பலர் எழுதாமல் விட்டவை எளிய மக்களின் வரலாறுகள். அவற்றை எழுத வேறு எவரும் வரப்போவதில்லை. அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் ஒவ்வொரு கல்லூரியும் அவ்விரண்டாம் பட்டியலை எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் விட்ட காரணத்தைக் குறித்துப் பார்க்கட்டும். நாம் செய்யவேண்டிய உதவி இன்னதென்று அப்பட்டியலே நமக்குக் காட்டும்.