ரின்னும் றீலும்: பாக்கு நீரிணையின் இரு கரைகளில் தூண்டில்

தூண்டில் என்னும் சொல் சங்கப் பாடல்களிலேயே இடம்பெறும் அளவுக்குப் பழையது. ஆயினும் அது குறிக்கும் பொருள் பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் இன்று முற்றிலும் ஒன்றாக இல்லை. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் தூண்டில் என்றால் பெரும்பாலும் அந்த வளைந்த முள்தான்; அதைத் தாங்கும் கம்பு தூண்டில் தடி எனப்படும். தமிழகத்திலோ முள் தூண்டில் முள் என்றும், கம்பு தூண்டில் குச்சி என்றும் பிரிந்து வழங்க, தூண்டில் என்பது முள்ளும் நூலும் கம்பும் சேர்ந்த முழுக் கருவியின் பெயராக நிற்கிறது. இலங்கைத் தமிழருக்குத் தடியும் நூலும்தான் தெரியும், ராடும் ரீலும் பார்த்து வாங்கும் பழக்கம் அங்கே கிடையாது என்று சென்னைப் பொழுதுபோக்குத் தூண்டில்காரர் சிலர் சொல்வதுண்டு. இக்கூற்றில் ஒரு பகுதி உண்மையே. ஆனால் அந்த உண்மைக்கு அறியாமை காரணமன்று என்பதோடு, றீலின் அடிப்படை நுட்பம் வடபுலத்துச் சிறுவர்களின் கையில் றீல் வருமுன்பே இருந்தது என்பதும் காட்டப்பட வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்திலிருந்து பெற்ற ஒரே சொல்லை ஒரு கரையார் றொட் என்றும் மறு கரையார் ராடு என்றும் வழங்குகின்றனர். மூல ஒலிக்கு அணுக்கமானது எது என்பதை வாசகர் தாமே ஒலித்துப் பார்த்து முடிவுசெய்யலாம். நைலோனால் ஆன ஒற்றையிழை நூலின் பெயர் இதனினும் சுவையானது. தமிழகத்து ஆற்றங்கரைகளிலும் குளக்கரைகளிலும் அது நரம்பு. இலங்கையில் அது தங்கூசி. சிங்களத்தில் தங்குஸ் என்பதும், மலாய் மொழியில் தூண்டில் நூலுக்குத் தங்சி என்றொரு பெயர் இருப்பதும், இச்சொல் கடல்வழிப் பழக்கத்தில் வந்ததோ என்று எண்ண இடந்தருகின்றன. நரம்பு என்பது உடலுறுப்பின் பெயரைப் பொருளின்மேல் ஏற்றிய அழகான உவமைப் பெயர்தான்; எனினும் பெரிய மீன் இழுக்கும்போது விரலை அறுத்துக்கொண்டு ஓடும் அந்தக் கூர்மை, தங்கூசி என்பதன் இறுதியில் உள்ள ஊசி தற்செயலாக அமைந்ததே என்றாலும், அச்சொல்லில்தான் கேட்கிறது. இராமேசுவரம் பக்கத்து வலைகளைப் பற்றிப் பேசுவோரும் தங்கூசி என்றே சொல்வதால், அதனை இலங்கைக்கு மட்டும் உரியதாகக் கொண்டாடுவதற்கில்லை.

யாழ்ப்பாணக் கடனீரேரியின் கரைகளில் வளர்ந்த தலைமுறைகளுக்கு முதற் கருவியாக அமைந்தது தடிகூட அன்று, வெறுமையான பால்மா ரின். தகரப் பேணியை அங்கு ரின் என்பர். அதன் உடலில் தங்கூசியின் ஒரு முனையை இறுகக் கட்டி, மீதியைச் சுற்றுக்குமேல் சுற்றாக நெருக்கிச் சுற்றி, மறுமுனையில் ஈயக்குண்டும் அதற்குச் சற்று மேலே கிளைநூலில் தூண்டிலும் கட்டிவிட்டால் கருவி முடிந்தது. 10 சென்றிமீற்றர் குறுக்களவுள்ள ரின்னில் 100 சுற்று ஏறக்குறைய 31 மீற்றர் நூலைக் கொள்ளும். ஈயம் பழைய வாகன பற்றறியிலிருந்து பெறப்பட்டு, உருக்கப்பட்டு, ஈரமணலில் விரலால் தோண்டிய குழியில் ஊற்றப்பட்டது. அதன் நஞ்சைப் பற்றி அந்நாளில் எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எறியும்போது இடக்கை ரின்னின் அடியைப் பற்றி அதன் வாயை நீரை நோக்கித் திருப்பியிருக்க, வலக்கை குண்டைச் சுழற்றி விட்டதும், தங்கூசி ரின்னின் விளிம்பைக் கடந்து சுற்றுச் சுற்றாகக் கழன்று ஓடும்; ரின் சுழல்வதில்லை. விளிம்பில் சிறு நெளிவோ பிசிறோ இருந்தால் நூல் அங்கே சிக்கி அறும் என்பதால், புதிய ரின் கிடைத்தவுடன் அதன் வாயைக் கருங்கல்லில் தேய்த்து, பெருவிரல் நகத்தை முழு வட்டமும் ஓட்டிப் பார்ப்பது சிறுவரிடையே எழுதாத விதியாக இருந்தது.

நிலைத்த உருளையின் விளிம்பு வழியே நூல் கழன்று ஓடும் இந்த அமைப்புத்தான் இன்று கடைகளில் பரவலாக விற்கப்படும் சுழல் றீலின் அடிப்படையும் ஆகும். இங்கிலாந்தின் பிராட்போர்ட் நகரில் கம்பளி ஆலைத் தொழிலோடு தொடர்புடைய ஆல்பிரட் ஹோல்டன் இலிங்வர்த், ஆலையின் கதிரிலிருந்து நூல் கழலும் முறையைத் தூண்டிலுக்குப் பொருத்தி 1905ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவ்வகை றீலில் நூல் சுற்றியிருக்கும் ஸ்பூல் எறியும்போது அசையாமல் நிற்க, மீளச் சுற்றும்போது கைபிடியின் ஒரு சுற்றுக்கு நூலைப் பற்றிய வளையம் ஐந்து முறையோ அதற்கு மேலோ ஸ்பூலைச் சுற்றி வரும், றீலின்மேல் 5.2:1 என்று அச்சிடப்பட்டிருப்பது இந்தக் கணக்கே. பற்சக்கரங்களையும், மீன் வலிந்து இழுக்கையில் நூலை அளவாக விட்டுக்கொடுக்கும் டிராக் என்னும் உறுப்பையும் நீக்கிவிட்டால் எஞ்சுவது பால்மா ரின். டிராக்கின் வேலையை அங்கே செய்தவை இரண்டு விரல்கள்.

பாம்பன் கரையிலும் போத்தலில் நரம்பைச் சுற்றி எறியும் சிறுவர் உளர் என்பது மறைக்கத் தக்கதன்று. வேறுபாடு, அக்கருவி எவ்வளவு காலம் நீடித்தது என்பதில்தான் உள்ளது. இறக்குமதிக் கட்டுப்பாடுகளை இலங்கை 1977ஆம் ஆண்டிலும் இந்தியா 1991ஆம் ஆண்டிலும் பெருமளவில் தளர்த்தின என்பதை நோக்க, வெளிநாட்டு றீல்கள் எளிதாகக் கிடைக்கும் நிலை கொழும்பில் சென்னைக்கு முன்பே உருவாயிற்று எனலாம். ஆனால் அந்த வாய்ப்பு வடக்கில் வேரூன்றுமுன் போர் வந்தது. கடலில் இறங்குவதற்கே கட்டுப்பாடும், பண்டங்கள் வருவதற்குத் தடையும் நிலவிய ஆண்டுகளில், ரின் வறுமையின் சின்னமாக அல்ல, கிடைத்ததைக் கொண்டு கறிக்கு வழிசெய்த கருவியாகவே கைகளில் தொடர்ந்தது. இதனை அறியாது ராடு தெரியாதவர் என்று சொல்வது எளிது.

தடியின் தெரிவை நீரே முடிவுசெய்கிறது. யாழ்ப்பாணக் கடனீரேரியின் பல இடங்களில் ஆழம் ஆளின் இடுப்பளவே. பண்ணைத் தாம்போதியின் ஓரத்தில் நின்று மணலைக்கோ திரளிக்கோ எறிபவருக்குக் கனத்த குண்டு தேவைப்படுவதில்லை. ஏழடி நீளமும் மெல்லிய நுனியும் கொண்ட தடி, 2000 அல்லது 2500 என எண்ணிடப்பட்ட சிறிய றீல், 0.25 மில்லிமீற்றர் அளவிலான தங்கூசி ஆகியன அங்குப் போதும். நுனி மெல்லியதாக இருந்தால்தான் மீனின் சிறு கொத்தலும் கைக்குத் தெரியும். மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தினருகே கொடுவாவை நாடுவோர்க்கு இதனினும் ஒரு படி வலிய தடி வேண்டும். 1988ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தின் நிலை வேறு: கீழே நீரோட்டம் கடுமை, மேலே உயரம் மிகுதி, பிடிபட்ட மீனை அவ்வளவு உயரம் தூக்க வேண்டியிருப்பதால் தடித்த ராடும் பெரிய ரீலும் அங்குத் தேவையே. ஆகவே பாம்பனிலோ முட்டுக்காட்டிலோ பழகிய கண்ணுக்கு யாழ்ப்பாணத்துத் தடி விளையாட்டுப் பொருளாகத் தோன்றலாம்.

தமிழகத்தின் உள்நாட்டு நீர்நிலைகளைப் பற்றி அந்தந்த ஊரினர் எழுதுவதே முறை. மூங்கில் குச்சியும், மயிலிறகின் தண்டிலோ சோளத்தட்டையிலோ செய்த தக்கையும் காவிரிப் பக்கத்துச் சிறுவர்க்கு, ரின் வடபுலத்தார்க்கு இருந்ததைப் போன்றே இருந்திருக்க வேண்டும். தக்கையை ஈழத்தில் மிதப்பு என்பர். ராடு, ரீல் பற்றிய நூல் மரபு இந்தியாவுக்குப் பழையது என்பதற்குச் சென்னை மாகாண அதிகாரியாயிருந்த ஹென்றி சலிவன் தாமஸ் 1873ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில நூல் சான்றாகும். ஆனால் அது துரைமாருக்காகத் துரை எழுதியது. நுவரெலியாவின் ஓடைகளில் 1880களில் டிரவுட் மீன் விடப்பட்டதும் அத்தகையோரின் பொழுதுபோக்குக்கே. அவ்விரண்டையும் கொண்டு எந்தக் கரைத் தமிழரும் பெருமைப்படத் தேவையில்லை.

குளத்து மீன் ஒன்று மட்டும் இரு கரைகளையும் ஒரே தட்டில் வைக்கிறது. ஆபிரிக்காவைச் சேர்ந்த திலாப்பியா இலங்கைக்கும் இந்தியாவுக்கும் 1952ஆம் ஆண்டிலேயே கொண்டுவரப்பட்டது. ஈழத்தார் அதனை யப்பான் மீன் என்றனர், தமிழகத்தார் ஜிலேபி கெண்டை என்றனர். அது யப்பானிலிருந்து வந்ததுமன்று, இனிப்புமன்று, கெண்டையுமன்று. ஒரு பிழைக்கு இரண்டு பிழை என்று எண்ணினால் இங்கும் ஈழத்தின் பக்கமே சிறிது சாய்கிறது.

தடியும் நூலும் என்று ஏளனமாகச் சொல்லப்படும் அந்தக் கரைக்குத்தான், மறு கரையின் இழுவைமடிப் படகுகள் இரவில் வருகின்றன என்பதையும் வடபுலத்தார் இப்பேச்சில் நினைவுகூராமல் இருப்பதில்லை. அடிக்கடல் இழுவையை இலங்கை 2017ஆம் ஆண்டில் சட்டத்தால் தடைசெய்தது. இழுவைமடிக்கும் பொழுதுபோக்கு ராடுக்கும் தொடர்பில்லை என்பதும், அதே மடியால் பாம்பனின் நாட்டுப்படகுத் தொழிலாளரும் வருந்துகின்றனர் என்பதும் உண்மையாதலால், அவ்வாதத்தை இங்கு நீட்டுவது முறையன்று.

இன்று யாழ்ப்பாணத்துக் கடைகளிலும் யப்பானிய, சீன றீல்கள் கண்ணாடிப் பெட்டிகளில் நிற்கின்றன. உப்புநீரில் பயன்படுத்தப்படும் றீலில் எத்தனை பேரிங் உண்டு என்பதைக் காட்டிலும், அவை துருவேறாத வகையினவா என்பதும், வீடு திரும்பியதும் நன்னீரால் மெல்லக் கழுவி நிழலில் உலர்த்தப்படுகிறதா என்பதுமே அதன் ஆயுளை நிர்ணயிக்கின்றன. கடைக்கு வரும் இளைஞர் பெட்டியில் அச்சிட்ட எண்களைத்தான் முதலில் வாசிப்பர். ஐம்பது வயதைக் கடந்தவர்களோ விலையையும் கேளாமல், றீலைக் கையில் வாங்கி, வளையத்தை விலக்கி, ஸ்பூலின் விளிம்பில் பெருவிரல் நகத்தை ஒரு முழு வட்டம் ஓட்டிப் பார்க்கின்றனர்.