வந்தவர் எழுதினர்; இருந்தவர்?

கையகல அட்டை ஒன்று. அதில் சில வரிகள். அவ்வளவே! ஆயினும் அந்த அட்டை, 1961 அக்டோபரில், நைஜீரிய நாட்டு இபாதான் பல்கலைக் கல்லூரியையே கொதித்தெழச் செய்தது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் தோற்றுவித்த அமைதிப் படையின் தொண்டர்கள், நைஜீரியப் பள்ளிகளில் ஆசிரியர்களாக அமரும் பொருட்டு அக்கல்லூரியில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவரான பட்டதாரி நங்கை, தாயகத்து நண்பருக்கு மடல் தீட்டினார். வந்திறங்கிய நகரின் வறுமைக் கோலம் கண்டு திடுக்கிட்டதாக எழுதினார். அட்டை அஞ்சலில் சேரவில்லை. மாணவர் கையில் சேர்ந்தது. படிகள் எடுத்தனர்; பலருக்கும் வழங்கினர்; கூட்டம் கூட்டினர்; தொண்டர்களைத் திருப்பி அனுப்புக என முழங்கினர். எழுதியவர் வருத்தம் தெரிவித்தார், நாடு திரும்பினார்.

அந்த நங்கையைத் தூற்றுவது நம் நோக்கமன்று. கண்டதை எழுதினார், கயமை ஏதும் அவர் நெஞ்சில் இல்லை. பின், பிழை எங்கே? தாம் எழுதியதை அவ்வூரார் படிப்பர் என்ற எண்ணமே அவருக்கு எழவில்லை, அங்கேதான் பிழை! கற்பிக்க வந்தவர், அங்கே கற்றவர் உளர் என்பதை மறந்தார். அதற்கு ஓராண்டுக்கு முன், 1960 அக்டோபர் முதல் நாளன்றுதான் விடுதலைக் கொடி ஏற்றிய நாடு அது. அந்நாட்டு மாணவர் நெஞ்சில் அவ்வரிகள் எப்படித் தைத்திருக்கும் என்பதை நாம் விளக்கவும் வேண்டுமோ?

இன்று அட்டை போயிற்று, கைப்பேசி வந்தது. ஆங்கில நாட்டிலும் அமெரிக்காவிலும் ஆத்திரேலியாவிலும் இளைஞர்கள் பலர், பள்ளி முடித்துக் கல்லூரி புகுமுன், நிறுவனங்களுக்குக் கட்டணம் செலுத்திக் கானாவுக்கோ கென்யாவுக்கோ நேபாளத்துக்கோ செல்கின்றனர். ஏழைப் பள்ளிகளிலும் மழலையர் பள்ளிகளிலும் இரண்டு வாரமோ நான்கு வாரமோ தொண்டாற்றித் திரும்புகின்றனர். குழந்தைகள் சூழ நின்று எடுத்த படம் உலகெல்லாம் பறக்கிறது. இபாதானில் ஓர் அட்டைக்கு எழுந்த சினம், இன்று பல்லாயிரம் படங்களுக்கு எழவில்லை. பழகிவிட்டது போலும்!

இத்தொண்டைக் கண்டித்து எழுந்த எழுத்துகளும் உண்டு. அவற்றுள் தலையாயது இவான் இல்லிச் 1968 ஏப்ரலில் ஆற்றிய உரை. வியன்னாவில் பிறந்து, பாதிரியாராகி, மெக்சிகோவில் வாழ்ந்து, பள்ளிக்கூட முறையையே மறுத்து 1971இல் நூல் வெளியிட்ட இல்லிச், மெக்சிகோச் சிற்றூர்களுக்குத் தொண்டாற்றப் புறப்பட இருந்த வட அமெரிக்க மாணவர் கூட்டத்தின் முன் நின்றார். வாழ்த்துவார் என எதிர்பார்த்தவர்களிடம், 'வாராதீர்' என்றார்! மலை ஏற வாருங்கள், மலர் காண வாருங்கள், கற்க வாருங்கள். உதவ மட்டும் வரவேண்டா என்பதே அவர் உரையின் சாரம். நல்லெண்ணம் ஒன்றே தகுதியாகிவிடாது. மொழி அறியாதவன் தான் விளைத்த தீங்கைக்கூட அறியமாட்டான். உதவியே தீர வேண்டுமாயின் உன் நாட்டு ஏழையிடம் செல், அவனேனும் உன் மொழியில் உன்னைப் போ என்று சொல்லுவான் என்று இடித்துரைத்தார்.

இவ்வுரையை நாம் பலமுறை படித்தோம், படிக்குந்தோறும் வியந்தோம். பணிவுக்குள் ஒளிந்து கிடக்கும் பெருமிதத்தை இவ்வளவு கூர்மையாகக் கீறிக் காட்டியவர் சிலரே. எனினும் ஒரு குறை நம்மை உறுத்துகிறது. உரை முழுவதும் 'நீங்கள்', 'நீங்கள்' என்றே ஒலிக்கிறது. கொடுப்பவன் உள்ளம் அலசப்படுகிறது; பெறுபவன் ஊமையாகவே நிற்கிறான். 'போ' என்று சொல்லும் உரிமை அவனுக்கு வேண்டும் என்று முழங்கும் உரையிலும், அவன் வாய் திறக்கக் காணோம்!

2014இல் ஓர் அமெரிக்க நங்கை எழுதிய கட்டுரை இன்னும் எளியது. நம் மதிப்பில் இன்னும் ஆழமானது. பள்ளி மாணவியாய் இருந்தபோது தோழியருடன் டான்சானியாவுக்கு ஒரு நூலகம் கட்டச் சென்ற கதையை அதில் சொல்கிறார். பகலெல்லாம் செங்கல் அடுக்கினர் மாணவியர். சுவர் கோணிற்று. இரவு வந்ததும் அவ்வூர் ஆடவர் வந்து, அடுக்கியதைப் பிரித்து, செம்மையாக அடுக்கிவிட்டுச் சென்றனர். விடிந்ததும் தம் தோல்வி அவர்களுக்குத் தெரியலாகாது என்பதற்காக! தம்மையே நகையாடும் துணிவு எழுத்தாளருக்கு எளிதில் வாய்ப்பதன்று. அத்துணிவு இக்கட்டுரையில் உண்டு.

நாம் சுண்ணக்கட்டி பிடிக்கும் கையினர். எனவே இங்கே ஒன்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. பள்ளி ஆய்வாளர் வகுப்பினுள் நுழையும் நாளை எண்ணிப் பாருங்கள். பாடம் நிற்கும், பிள்ளைகளின் கண்கள் கதவுப் பக்கம் திரும்பும், நாற்காலியை அவருக்குத் தந்துவிட்டு நாம் சுவரோரம் நிற்போம். அவர் போனபின், பாடத்தை விட்ட இடத்தில் பிடிக்க ஒரு மணியேனும் ஆகும். அதுவும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு நாள்தான்! இரண்டு வாரத்துக்கு ஒரு புதிய விருந்தாளி வந்து, ஆடல் பாடல் நடத்தி, இனிப்பு வழங்கிப் போகும் பள்ளியில், ஆண்டு முழுதும் கரும்பலகை முன் நிற்கும் ஆசிரியரின் நிலை யாது? அவரிடம் இனிப்பு இல்லை, வாய்பாடுதான் இருக்கிறது. அறுபது பிள்ளைகளின் பெயரும் அவர்தம் வீட்டு நிலையும் அறிய அவருக்கு ஒரு பருவமே ஆகியிருக்கும். அவரை எந்தப் படத்தில் கண்டோம்? படத்தின் ஓரத்தில், பாதி வெட்டுண்ட தோளாகக் கண்டதுண்டு!

மூன்று வயது மழலைக்கோ, இது வெறும் பாட இழப்போடு முடிவதில்லை. மடியில் அமர்த்தியவர் மறைகிறார், இன்னொருவர் வருகிறார், அவரும் மறைகிறார். கம்போடியாவின் அனாதை இல்லங்களை ஆராய்ந்தோர் கண்ட உண்மை நெஞ்சை உலுக்குவது. அங்கிருந்த பிள்ளைகளுள் பெரும்பாலோர்க்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தனர். ஆம்; காண வருவோர் பெருகப் பெருக, காட்டப்படும் பிள்ளைகளும் தேவைப்பட்டனர்! 2017இல் ஆத்திரேலிய நாடாளுமன்றக் குழு, இத்தகைய இல்லங்களுக்குப் பிள்ளைகளைக் கொண்டு சேர்ப்பதை அடிமைத்தனத்தோடு வைத்தே ஆராய்ந்தது.

அப்படியாயின் இளைஞர் எவரும் எங்கும் சென்று கற்பிக்கலாகாதா? அவ்வாறு சொல்லோம். இபாதானில் அட்டை சிக்கிய அதே 1961இல், கியூபாவில் ஏறத்தாழ நூறாயிரம் இளைஞர், பெரும்பாலும் பதின்வயதினர், கையில் விளக்கும் அரிச்சுவடியும் ஏந்திச் சிற்றூர்களுக்குச் சென்றனர். உழவர் குடிலில் பல திங்கள் உறைந்தனர். பகலில் அவருடன் வயலில் உழைத்தனர், இரவில் எழுத்தறிவித்தனர். ஏழு இலக்கத்துக்கு மேற்பட்டோர் எழுத்தறிந்தனர். அந்த அரிச்சுவடியில் ஆட்சியின் அரசியல் நிரம்பிக் கிடந்தது; அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் ஒன்று நோக்குக! அங்கே இறுதித் தேர்வு என்ன? கற்றவர் தம் கைப்பட ஒரு மடல் எழுத வேண்டும். காஸ்ட்ரோவுக்கு அவர்கள் எழுதிய மடல்கள் அவானா நகரின் காட்சியகத்தில் உள்ளன. ஆள்வோருக்கு எழுதிய மடலில் புகழ்தானே மிகும் என்பீர், மிகட்டும். எழுதிய கை யாருடையது? சென்றவன் கையா? கற்றவன் கையன்றோ!

இங்கேதான் நாம் முன்சொன்ன எழுத்துகள் நம்மை ஏங்க வைக்கின்றன. அட்டையை எழுதியவர் வந்தவர். அதைக் கண்டித்த உரையும் வருவோரை நோக்கியே எழுந்தது. வெட்கி எழுதிய கட்டுரையும் வந்தவருடையதே. இபாதான் மாணவர் எதிர்த்துப் பேசினர். ஆனால் அவர்கள் கல்லூரி மாணவர், அவர்களுக்கு அச்சுப்பொறி கிட்டியது. கென்யாச் சிற்றூரின் பள்ளி ஆசிரியர், 'இவ்வாண்டு ஒருவரும் வரவேண்டா. அந்தக் கட்டணத்தில் எனக்கு ஒரு துணையாசிரியர் தருக' என்று எழுத விரும்பினால், எந்த ஏடு அதை வெளியிடும்? எந்த நிறுவனம் அதைப் படிக்கும்?

டான்சானியாவில் அந்த இரவு, விளக்கொளியில் செங்கல்லைப் பிரித்து அடுக்கிய ஆடவர் தமக்குள் என்ன பேசியிருப்பர்? சிரித்திருப்பரோ? சினந்திருப்பரோ? பிள்ளைகள் மனம் நோகலாகாது என்று அவர்களுள் முதலில் சொன்னவர் யார்? அந்தக் கட்டுரையை அவர்கள் எழுதிப் படிக்க நமக்குப் பேராவல்.