கூத்துப் பாடலிற் குரலும் உழைப்பும்: சில விமரிசனக் குறிப்புகள்

தண்ணீரூற்று, முள்ளியவளை, வற்றாப்பளை ஆகிய ஊர்களை உள்ளடக்கிய முல்லைத்தீவுப் பிரதேசத்துக்கெனத் தனியான கூத்து மரபொன்றுண்டு. கண்ணகி வழிபாட்டோடு பிணைந்த கோவலன் கூத்து அதன் தலையாய வடிவமாகும். இக்கூத்தின் கதைமூலம் பற்றியும் ஆட்டம் பற்றியும் எழுதியோர் உளர். அதனைப் பாடும் குரல் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. கர்நாடக இசைவழி வந்தோர் அக்குரலைக் ‘கத்தல்’ என ஒதுக்குவர். முற்போக்காளராகிய நம்மவரோ அதனையே ‘உழைக்கும் மக்களின் முரட்டுக் குரல்’ என்று போற்றுவர். இவ்விரு கூற்றுகளும் ஒரே தவறிலிருந்து பிறந்தவை என்பது எமது கருத்து. அக்குரல் எவ்வாறு உண்டாக்கப்படுகிறது என்ற வினாவை இரு சாராரும் எழுப்புவதில்லை.

நெஞ்சும் தலையும் குரலுக்கு இடமாதல் தமிழுக்குப் புதிதன்று. உந்தியினின்றெழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று ஒலியாவதைத் தொல்காப்பியப் பிறப்பியல் கூறும். 13ஆம் நூற்றாண்டின் சங்கீதரத்நாகரம் மந்தரத்தை நெஞ்சுக்கும் மத்திமத்தை மிடற்றுக்கும் தாரத்தைத் தலைக்கும் உரியதாக்கும். இவை பாடுவோர் தம் உடம்பில் உணர்ந்த அதிர்வைக்கொண்டு வகுக்கப்பட்டவை. மனுவேல் கார்சியா 1854இல் சிறு கண்ணாடியொன்றின் துணையுடன் தம் குரல்வளையையே நோக்கினார். அதன்பின் வளர்ந்த உடலியலறிவு இவ்வுணர்வுக்கு விளக்கம் தந்தது. நெஞ்சுக்குரலிற் குரல்நாண்கள் தடித்து முழுமையாக அதிர்கின்றன. தலைக்குரலில் அவை நீண்டு மெலிந்து விளிம்பளவிலேயே அதிர்கின்றன. ஒன்றிலிருந்து மற்றதற்குக் கடக்குமிடத்திற்றான் பயிலாத குரல் உடைகிறது.

மேல்தாயியில் மெலிந்தொலிக்கும் குரலைக் கச்சேரி உலகம் ‘கள்ளக்குரல்’ என்கிறது. இது விவரணம் அன்று, தீர்ப்பு. (யாரிடமிருந்து எதனைக் களவாடியதென்று எவரும் சொன்னதில்லை.) தமக்கேற்ற சுருதியைத் தாமே தெரிந்து, அமர்ந்து, அமைதியான சபையிற் பாடுவோர் அத்தீர்ப்பை வழங்குவது எளிது. கூத்தனின் நிலை வேறு. அவன் ஆடிக்கொண்டு பாடுகிறான். திறந்த வெளியில், இரவு முழுவதும், மத்தளத்துக்கும் தாளத்துக்கும் மேலாகப் பாடுகிறான். கண்ணகியும் மாதவியும்கூட ஆண்களின் தொண்டையிலிருந்தே எழ வேண்டியிருந்தது. ஒலிவாங்கி இல்லாத காலத்திற் களரியின் கடைசி வரிசைக்கும் சொல் எட்ட வேண்டும். ஆகவே நெஞ்சுக்குரலை அதன் இயல்பான எல்லைக்கு மேலே தள்ளிப் பாடும் முறை உருவாயிற்று. மனிதச் செவி செக்கனுக்கு 2000 முதல் 4000 வரையான அதிர்வுகளை மிகக் கூர்மையாக உணர்வது. அவ்வாறு தள்ளப்பட்ட குரலில் அந்த எல்லையை அண்டிய வலு கூடுகிறது. ‘கத்தல்’ எனப்படும் கூர்மை தற்செயலானதோ பண்பாடின்மையின் விளைவோ அன்று. களரியின் உற்பத்தி நிலைமைகள் வேண்டிநின்ற நுட்பம் அது. கூத்தன் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவதும் அழகுக்காக மட்டும் ஏற்பட்டதன்று. அவன் மூச்சு வாங்கிக்கொள்வதற்கான வேலைப்பிரிவினை அது.

இசை நாடகத்திலும் இதே நிலைமை தொழிற்பட்டது. எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933), நம்மிடையே வி. வி. வைரமுத்து (1924–1989) ஆகியோரின் உச்சக்குரல்கள் அந்த மேடை பெற்ற பிள்ளைகளே.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கர்ணன் போர் (1962), இராவணேசன் முதலியவற்றை மேடையேற்றியபோது, விடிய விடிய நிகழ்ந்த கூத்து ஓரிரு மணித்தியாலங்களுக்குச் சுருங்கி மண்டபத்துள் வந்தது. அதன் வரலாற்று முக்கியத்துவத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும் களரி மாறிய பின் குரல் என்னவாக வேண்டும் என்ற வினா அப்போதே எழுந்திருக்க வேண்டியது. நாம் படித்த விமரிசனங்கள் ஆட்டத்தையும் அரங்கமைப்பையுமே விரித்துப் பேசின.

இன்று அவ்வினாவைத் தவிர்க்க இயலாது. 2009இற் போர் முடிந்து, இடம்பெயர்ந்த மக்கள் மீண்டு வந்த பின்னர் இப்பிரதேசத்தின் களரிகளிற் கூத்து மீண்டும் ஒலிக்கிறது. ஒலிபெருக்கியும் உடன் வந்துள்ளது. குரலைத் தள்ள வேண்டிய காரணம் போய்விட்டது. தள்ளும் வழக்கம் போகவில்லை. பகலில் வயலிலோ கடலிலோ வேலை செய்தவன் இரவிற் பாடித் தொண்டை கட்டிக்கொள்கிறான். ஓயாது இவ்வாறு பாடினால் நாண்களில் தடிப்பு விழும். அதனை ‘முரட்டு அழகு’ என்று நாம் பாராட்டுவது, தேய்ந்த கையைப் பார்த்து உழைப்பைப் புகழ்ந்துவிட்டுப் போகும் முதலாளியின் செயலை ஒத்தது. தொண்டை கூத்தனின் உழைப்புக் கருவி. அதனைப் பேணும் அறிவு, இசைக் கல்வி பெற்றோருக்கு மட்டும் உரியதாக இருத்தல் நியாயமன்று.

அந்த அறிவு கடினமானதுமன்று. வாயை மூடி மெல்ல முணுமுணுத்து உச்சத்திலிருந்து தொடங்கி, தலைக்குரலைக் கீழ்நோக்கி வழுக்கவிட்டு, குரல் உடையும் இடத்தை ஓசை குறைத்துக் கடந்து நெஞ்சுக்குரலோடு சேர்ப்பது முதற் பயிற்சி. நாளடைவில் இரண்டும் கலந்த இடைக்குரல் அமையும். உச்சங்களை அக்குரலிற் பாடினால் கூர்மை நிற்கும், நோவு குறையும். நோவு கண்ட இடத்தில் நிறுத்திவிடுவதும் பயிற்சியின் பகுதியே.

இது கூத்தைக் கர்நாடகமயமாக்கும் வழியாகாதா என்று சிலர் ஐயுறலாம். குரலைக் ‘குழைத்து’ இனிமையாக்குவது நோக்கமாயின் அந்த ஐயம் சரியே. கூத்துப் பழக்கும் காலம் மாதக்கணக்கில் நீள்வது. அதன் முதல் வாரங்களிற் பாடும் உயரத்தைச் சற்றே இறக்கி, மேற்சொன்ன பயிற்சியை மத்தளத்தோடு சேர்த்துச் செய்து பார்க்கலாம். அதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து செல்வோர் அண்ணாவியாரைக் கேட்டே தொடங்க வேண்டும். எந்த அடியிற் கூர்மை இன்றியமையாதது, எங்கே தளர்த்தலாம் என்பதை அறிந்தவர் அவரே.