பொப்கோர்ன்: தாச்சி போதுமா, மெஷின் வேணுமா?

பள்ளி விடுமுறை. மட்டக்களப்பின் குருக்கள்மடத்து வீடொன்றில் பிள்ளைகளுக்குப் பொப்கோர்ன் ஆசை வந்துவிட்டது. கடையில் சாக்கோடு இருந்த மஞ்சள் சோளத்தில் ஒரு கிலோ வாங்கி வந்தார் தகப்பன். தாச்சியில் எண்ணெய் காய்ந்தது, சோளம் விழுந்தது, மூடியும் போட்டாயிற்று. பத்து நிமிடம் ஒரு சத்தமும் இல்லை. திறந்தால் புகை. நாலைந்து மணி வாய் பிளந்திருந்தது, மிச்சமெல்லாம் கருகல். குசினி வாசலில் நின்று பார்த்த அம்மம்மா சொன்னார்: "இது கோழிக்குப் போடுற சோளம் மனே, பொரியாது."

அம்மம்மா சொன்னதுதான் சரி. வாவிக்கு அப்பால் படுவான்கரையின் மேட்டு நிலங்களில் விளைவதும், கோழித்தீனுக்கும் திரிபோஷவுக்கும் போவதும் வேறு இனம். பொப்கோர்ன் சோளத்தின் மணி சிறியது, தோல் கண்ணாடிபோல் இறுகியது. உள்ளே 100க்கு 14 பங்கு அளவில் ஈரம் இருக்கும். சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல், வளிமண்டலத்தைப்போல் ஒன்பது மடங்கு வரை அழுத்தம் கொடுத்து, கடைசியில் தோலைக் கிழித்துக்கொண்டு வரும். தீன் சோளத்தின் தோல் அவ்வளவு தாங்காது. ஆவி கசிந்துவிடும், மணி வறுபடும், அவ்வளவுதான்.

எந்தக் கருவியை வாங்கினாலும் கவனிக்க வேண்டிய எண் ஒன்றுண்டு: 180 பாகை செல்சியஸ். பிரான்ஸைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் 2015இல் இதை அளந்து வெளியிட்டார்கள். 170 பாகையில் 100க்கு 34 மணிதான் வெடித்தது, 180இல் 96. பத்துப் பாகைக்குள் அத்தனை வித்தியாசம். மணிகள் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் அந்தச் சூட்டைக் கொடுக்கிறதா, வரும் ஆவியை வெளியே விடுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். மற்றதெல்லாம் பெட்டியில் அச்சடித்த படம்.

அதனால் முதல் செலவு சோளத்துக்கு. பொப்கோர்ன் என்றே எழுதி அடைத்த பொதி வேண்டும், அதுவும் இறுகக் கட்டியதாக. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி என்று கிடக்கும் ஊரில் மாரியில் திறந்து வைத்தால் மணி ஈரம் குடித்துத் தோல் இளகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நேர்மாறாக, உள்ளிருக்கும் ஈரமே வற்றிப்போகும். பழைய பொதி பொரிய மறுத்தால் எறிய வேண்டாம். மூன்று கோப்பை சோளத்துக்கு ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, போத்தலை இறுக மூடிக் குலுக்கி, இரண்டு மூன்று நாள் வைத்தால் பெரும்பாலும் உயிர் திரும்பும்.

இனிக் கருவிகள். முதலில் எல்லா வீட்டிலும் இருக்கும் தாச்சி. இதற்கு எதிராக ஒரே குற்றச்சாட்டுத்தான்: கருகும். மெல்லிய அலுமினியத் தாச்சியில் உண்மையாகவே கருகும், நடுவில் சூடு குவிவதால். அடிப்பாகம் தடித்ததாக இருந்தால் அந்தத் தொல்லை பாதி குறையும். மீதிப் பாதி கைப்பழக்கம். இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் மூன்று மணியை மட்டும் போட்டுக் காத்திருக்க வேண்டும். மூன்றும் வெடித்தால் எண்ணெய் தயார். கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு சோளத்தைக் கொட்டி, அடுப்பிலிருந்து இறக்கி, முப்பது வரை எண்ணிவிட்டுத் திரும்ப ஏற்ற வேண்டும். இந்த அரை நிமிடத்தில் எல்லா மணியும் ஒரே சூட்டுக்கு வந்துவிடும். பிறகு பட்டாசுக் கட்டுக்கு நெருப்பு வைத்ததுபோல் ஒன்றாகப் பொரியும். மூடியைச் சற்றுச் சரித்து வைக்காவிட்டால் ஆவி உள்ளேயே விழுந்து பொரி சவசவத்துப்போகும். இரண்டு வெடிக்கு நடுவே இரண்டு விநாடி மௌனம் வந்ததும் இறக்கிவிடலாம்.

நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் சுத்திகரிக்காதது. பொரி வெடிக்கும் சூட்டை ஒட்டியே புகையத் தொடங்கும். லேசாகப் புகை தெரிந்தால் பயப்பட வேண்டாம், அடுப்பைத் தணித்தால் போதும். இதைப் பழைய முறை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: அமெரிக்கத் திரையரங்குகளில் பல்லாண்டு காலம் பொப்கோர்ன் பொரிந்ததும் தேங்காய் எண்ணெயில்தான். 1994இல் அதன் கொழுப்பைப் பற்றிப் பெரிய சர்ச்சை கிளம்பிய பிறகே பலர் எண்ணெயை மாற்றினார்கள். அந்த 'சினிமா வாசம்' குருக்கள்மடத்துக் குசினியில் எப்போதும் இருந்தது.

செலவு? நடுத்தரத் தீயில் அடுப்பு மணிக்கு 150 கிராம் காஸ் குடிக்கிறது என்று வைத்தால், ஐந்து நிமிடத்துக்கு 12.5 கிராம். ஒரு 12.5 கிலோ சிலிண்டரில் ஆயிரம் தடவை பொரிக்கலாம். 2022இல் காஸுக்கு வரிசையில் நின்ற நாட்களில் விறகடுப்புக்கு மாறிய வீடுகளிலும் தாச்சி அப்படியே மாறிக்கொண்டது. அந்த மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது மெஷின்கள் எல்லாம் அலுமாரியில் அழகாக உட்கார்ந்திருந்தன.

பிறஷர் குக்கரிலும் பொரிக்கிறார்கள். இந்தியாவில் அதற்கென்றே பொதி விற்கிறது. விசிலும் இருக்கக் கூடாது, இறப்பர் வளையமும் இருக்கக் கூடாது. இந்த இரண்டையும் கழற்ற மறக்கும் ஆள் வீட்டில் இருந்தால் இந்த முறையையே மறந்துவிடலாம். மூடியில் கைப்பிடி சுற்றிக் கிளறும் பானை நல்ல சாமான். கருகாது, கைக்கும் வேலை. ஆனால் வருடத்தில் பத்துத் தடவைக்கு மேல் பொரிக்கும் வீட்டுக்குத்தான் அது கட்டும்.

சூடான காற்றில் பொரிக்கும் மெஷின்தான் எல்லாருடைய கண்ணையும் இழுப்பது. எண்ணெய் வேண்டாம், மூன்று நிமிடத்தில் வேலை முடியும். 1,200 வாட் மெஷின் அந்த நேரத்தில் எடுப்பது 0.06 அலகு மின்சாரம்தான். மின்பட்டியலில் தெரியவும் தெரியாது. சிக்கல் சுவரில். 230 வோல்ட்டில் 1,200 வாட் என்றால் 5 அம்பியரைத் தாண்டுகிறது. பழைய வீடுகளில் இருக்கும் உருண்டை முள் 5 அம்பியர் பிளக்கில் அதைச் செருகக் கூடாது. 13 அம்பியர் பிளக் வேண்டும். இன்னொரு சிக்கல் கனடாவிலிருந்து வரும் பெட்டியில் இருக்கிறது. அங்கே 120 வோல்ட். அந்த மெஷினை இங்கே நேரே செருகினால் சூட்டுக் கம்பி கிட்டத்தட்ட நாலு மடங்கு சக்தியை இழுத்து, முதல் மணி வெடிக்கும் முன்னே தான் வெடித்துவிடும். மின்மாற்றி வாங்கி ஓட்டலாம்தான். ஆனால் அந்த வாட்டுக்கு ஏற்ற மின்மாற்றி மெஷினைவிடக் கனமும் விலையும் கூட. லண்டனிலிருந்து வந்தால் பிரச்சினை இல்லை. வோல்ட்டும் ஒன்றுதான், முள்ளும் ஒன்றுதான்.

சுவையிலும் ஒரு குறை உண்டு. எண்ணெய் படாத பொரியில் உப்பு ஒட்டாது, கிண்ணத்தின் அடியில் போய்க் கிடக்கும். கொஞ்சம் எண்ணெய் தெளித்து, மிக்ஸியில் மாவாக அரைத்த உப்பும் மிளகாய்த்தூளும் தூவிப் பிரட்டினால் சரியாகும். அப்படியென்றால் எண்ணெய் இல்லாத மெஷினுக்குக் கொடுத்த காசு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

மைக்ரோவேவ் ஏற்கெனவே இருக்கும் வீட்டில் புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை. அச்சில்லாத பழுப்புக் காகிதப் பையில் கால் கோப்பை சோளம், வாயை இரண்டு மடிப்பு, இரண்டரை நிமிடம். கம்பிப் பின் அடிக்கக் கூடாது, தீப்பொறி பறக்கும். கடையில் விற்கும் வெண்ணெய்ப் பொதிகள் சுகமானவைதான், ஆனால் தட்டுக்குத் தட்டு விலை ஏறும். எண்ணெய் ஊறாமலிருக்க அந்தப் பைகளில் பூசிய இரசாயனங்களும் நெடுநாள் சர்ச்சையில் இருந்தவை. அமெரிக்காவில் அத்தகைய பூச்சுள்ள உணவுக் காகிதங்களின் விற்பனை நின்றுவிட்டதாக 2024இல் அந்நாட்டு அரசு அறிவித்தது.

இன்னொரு முறையை மட்டக்களப்பான் சொல்லாமல் விட மாட்டான். கோயில் வீதிக் கச்சான் கடையில் சுடுமணலில் புரளும் கச்சானைப் பார்த்தவர்களுக்குச் சோளத்தையும் அப்படிப் பொரித்தால் என்ன என்று தோன்றும். பொரியும், நன்றாகவே பொரியும். மணல் எல்லாப் பக்கமும் ஒரே சூட்டைக் கொடுக்கும். ஆனால் கச்சானுக்குக் கோதுண்டு, உடைத்து எறிந்துவிடலாம். பொப்கோர்னின் மடிப்புகளுக்குள் மணல் புகுந்தால் பல்தான் கண்டுபிடிக்கும். மணலுக்குப் பதில் உப்பு நிரப்பிய தாச்சியில் பொரிக்கும் வழக்கம் இந்தியத் தெருக்களில் இருக்கிறது. வீட்டில் செய்வதானால் அதைச் செய்து பார்க்கலாம். உதறி, சல்லடையில் அரித்துச் சாப்பிட வேண்டும்.

அதே கச்சான் கடைக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டியோடு நிற்கும் மெஷினைக் கண்டு, அதில் சின்னது ஒன்று வீட்டுக்கு வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் உண்டு. 1885இல் சிகாகோவில் சார்ல்ஸ் கிரெட்டர்ஸ் தொடங்கிய மெஷின் குடும்பத்தின் பேரப்பிள்ளை அது. உள்ளே தொங்கும் கெண்டியும் அதைச் சுற்றும் கம்பியும் செய்வது, தடித்த தாச்சியும் குலுக்கும் கையும் செய்யும் அதே வேலை. திருவிழாவில் கடை போடுவதென்றால் வாங்கலாம். வீட்டுக்கென்றால், அந்தக் கெண்டியைக் கழுவப்போவது யார் என்பதை முதலில் பேசி முடித்துவிட்டு வாங்குவது நல்லது.