பனி உருண்டையின் விளிம்பு

சிறுநீரகத்தில் வந்த சிறிய புற்றுக்கட்டியை உறையவைத்தே அழிப்பது கிரையோஅப்லேஷன். அதில் என்னை ஈர்ப்பது, நடக்கும்போதே அதைக் கண்ணால் பார்க்க முடிகிறது என்பதுதான். தோல் வழியாகச் செருகிய ஊசியின் முனைக்குள், உயர் அழுத்தத்தில் வந்த ஆர்கான் வாயு விரிகிறது. வெப்பநிலை மைனஸ் 100 டிகிரிக்கும் கீழே இறங்குகிறது. சுற்றியுள்ள திசு உறைகிறது. சி.டி. படத்தில் அந்தப் பனி, சாம்பல் நிறச் சிறுநீரகத்துக்குள் கருமையான உருண்டையாக, தீட்டிய விளிம்போடு தெரியும். அடுத்தடுத்த படங்களில் கோலிக்குண்டு எலுமிச்சையாகும்.

ஆனால் அந்த விளிம்பு வெறும் பூஜ்ஜிய டிகிரிக் கோடு. செல்கள் உறுதியாகச் சாக மைனஸ் 20, மைனஸ் 40 வரை குளிர வேண்டும். அந்த எல்லை சில மில்லிமீட்டர் உள்ளே, படத்தில் தெரியாமல் இருக்கிறது. ஆகவே மருத்துவர் கட்டியைத் தாண்டி 5 முதல் 10 மில்லிமீட்டர் வரை பனியை வளரவிடுகிறார். பக்கத்திலேயே குடல். பனி நெருங்கும் என்று தெரிந்தால், இடையில் திரவம் செலுத்திக் குடலை ஒதுக்குவார்கள். தெரியும் கோட்டிலிருந்து தெரியாத கோட்டைக் கணக்கிடும் இந்தப் பார்வைதான் தொழிலின் உச்சம் என்பேன்.

கல்லீரல் கட்டியைச் சூட்டால் எரிக்கும்போது இந்தத் தெளிவு கிடைப்பதில்லை. அல்ட்ராசவுண்டில் வாயுக் குமிழிகள் வெண்மேகமாய்ப் படர்ந்து கட்டியையே மறைத்துவிடும்.

உறையவைத்து, உருகவிட்டு, மீண்டும் உறையவைப்பார்கள். பிறகு சாய மருந்து ஏற்றிய ஸ்கேன். செத்த திசு சாயம் ஏற்காது. ஓரத்தில் ஒரு துணுக்கு ஒளிர்ந்தாலும் சந்தேகம்தான்.