முகத்தின் அடியில் எழுதிய பெயர்

விரிவுரையாளனாய் இருந்த காலத்தில் போல் எக்மனும் வொலஸ் பிறீசனும் 1976இல் வெளியிட்ட 110 கறுப்பு வெள்ளைப் படங்களை நானும் மாணவருக்குக் காட்டியவன்தான். அவற்றில் உள்ளோர் அனைவரும் வெள்ளையர் என்பது அப்போது உறைக்கவில்லை. 1998இல் சுவீடனில் வந்த கரோலின்ஸ்கா தொகுப்பில் 70 பேர், 4900 படங்கள். எல்லோரும் 20க்கும் 30க்கும் இடைப்பட்டவர். இத்தகைய முகங்களைக் காட்டிப் பெற்ற விடைகளே ‘மனித உணர்ச்சி’ என்ற பொதுப்பெயரில் உலாவின.

வேற்றின முகங்களையும் சேர்த்தால் குறை தீரும் என்பது இன்றைய வாதம். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. 2010இல் வெளியான நெதர்லாந்தின் றாட்பவுட் தொகுப்பை எடுங்கள். அதன் 67 பேரில் வெள்ளையரென்றால் ஆண், பெண், சிறுவர், சிறுமியர் எல்லோரும் உண்டு. மொறோக்கோ வழிவந்தோரிலோ வளர்ந்த ஆண்கள் மட்டுமே. (தாயும் பிள்ளையும் இல்லாத சமூகம் போலும்!) ஐரோப்பியத் தெரு யாரைக் கண்டு ஒதுங்குகிறதோ அவனே பிரதிநிதியாகிறான்.

மற்சுமோட்டோவும் எக்மனும் 1988இல் தந்த தொகுப்பு இன்னும் சுவாரசியமானது. 56 படங்கள், பாதி யப்பானியர், பாதி வெள்ளையர். எண்ணிக்கையில் சமத்துவம்தான். ஆனால் இரு சாராரும் ஓர் உணர்ச்சிக்கு ஒரே தசைகளையே அசைத்துக் காட்டினர். தோல் வேறு, பாவம் ஒன்று. கோபம், பயம், அருவருப்பு என்ற பெயர்களும் முன்பே தீர்மானமாகிவிட்டன. 2016இல் கிறிவெல்லி குழுவினர் வெளியிட்ட ஆய்வில், மேற்கு ‘பயம்’ என்று பெயரிட்ட, கண் விரிந்து வாய்பிளந்த முகத்தை பப்புவா நியூகினியின் ட்ரோபிரியாண்ட் தீவினர் பலர் மிரட்டும் முகமாகவே கண்டனர். இனி அத்தீவினரையும் படம்பிடித்து அடியில் ‘பயம்’ என்று எழுதினால் அது பன்மைத்துவமா?

தடுப்புக்காவல் பற்றிக் கேட்டபோது நான் சிரித்தேன் என்று என் அகதி விசாரணைக் குறிப்பில் எழுதியிருந்தார்கள். நிராகரிப்புக் கடிதத்திலும் அது ஒரு வரியாக வந்தது. அவமானத்தைச் சொல்ல நேரும்போது எங்கள் ஊரில் வரும் அந்தச் சிரிப்புக்கு மேற்சொன்ன தொகுப்புகளில் ஒரே பெயர்தான்: மகிழ்ச்சி.

இது பழங்கதை அல்ல. 2016 முதல் 2019 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில் நடந்த ஐபோடர் கொன்ரோல் திட்டம், பயணியின் முக அசைவிலிருந்து பொய்யைக் கண்டறிய முயன்றது. 2025 பெப்ரவரி முதல் ஒன்றியத்தில், மருத்துவ, பாதுகாப்புத் தேவைகள் தவிர, வேலைத்தலத்திலும் பாடசாலையிலும் ஒருவரின் உணர்ச்சியை இயந்திரத்தால் ஊகிப்பது தடை. எல்லைக்கும் அகதி விசாரணைக்கும் அத்தடை நீளவில்லை. அங்கே நிபந்தனைகள் மட்டுமே. பெட்டி அடுக்கும் தொழிற்சாலையில் என் முகத்தை வாசிக்க முதலாளிக்கு உரிமை இல்லை. நாளை எல்லையில் வந்து நிற்கும் என் மருமகனின் முகத்தை வாசிக்கலாம்.